இயேசு யார், மனிதன் யார், இரட்சிப்பு என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் பெரியவர்களுக்குப் பல வருடங்களாக வகுப்பு எடுத்து வருகிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் தயங்கி நின்று, "ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் எதையும் தப்பாக நினைக்க வேண்டியதில்லை. பலவற்றைத் திருச்சபையே நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்திருக்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் இரட்சிப்பு, கிருபை, விசுவாசம், பிதா என்று பழகியிருப்பீர்கள். சிலர் மீட்பு, அருள், நம்பிக்கை, தந்தை என்று. பொருள் ஒன்றுதான், நான் கலந்தே எழுதுகிறேன். திருச்சபைகள் தங்களுக்குள் வேறுபடும் இடம் வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

1. இயேசு கடவுளா, கடவுளோட மகனா? ரெண்டுல எது?

இரண்டும்தான். "மகன்" என்றவுடனே வயதில் இளையவர், தகுதியில் ஒரு படி கீழே என்று நம் மனதில் ஒரு படம் வந்துவிடுகிறது. வேதாகமம் அந்தச் சொல்லால் சொல்ல வருவது வேறு. தச்சர் செய்த நாற்காலி தச்சர் ஆகாது. தச்சருக்குப் பிறந்த மகனோ தச்சரைப் போலவே முழு மனிதர். செய்யப்படுவது ஒன்று, பிறப்பது இன்னொன்று. குமாரன் பிதாவால் செய்யப்பட்டவர் அல்ல, பிதாவிடமிருந்து வருபவர். ஆகவே பிதா எதுவோ அதுவே அவரும்.

யோவான் நற்செய்தியின் முதல் வசனம், ஆதியிலே இருந்த "வார்த்தை" கடவுளாகவே இருந்தது என்கிறது. 14-ஆம் வசனம், அந்த வார்த்தை மாம்சமாகி நம் நடுவே குடியிருந்தது என்கிறது. கிறிஸ்துவைப் பற்றித் திருச்சபை பின்னால் சொன்னதெல்லாம் இந்த இரண்டு வசனங்களையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும் முயற்சிதான்.

2. அப்படின்னா ஒரு காலத்துல மகன் இல்லாம பிதா மட்டும் இருந்தாரா?

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர் இதற்கு "ஆம்" என்றார். குமாரன் எல்லாப் படைப்புகளிலும் முதன்மையானவர், உன்னதமானவர், ஆனாலும் படைக்கப்பட்டவர்தான். அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்பது அவருடைய போதனை. 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள் இதை ஏற்கவில்லை. குமாரன் ஜெநிப்பிக்கப்பட்டவர் (பிறந்தவர்), உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே பொருளானவர், அதாவது பிதாவின் அதே தெய்வ இயல்பு உள்ளவர் என்று அறிக்கையிட்டார்கள். ஆராதனையில் நாம் சொல்லும் நிசேயா விசுவாச அறிக்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இது வெறும் வார்த்தைச் சண்டை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இதில் நம் இரட்சிப்பே அடங்கியிருக்கிறது என்பதற்காகத்தான் ஆரியுஸின் போதனையை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டும் விடாமல் நின்றார். இயேசு ஒரு படைப்பு என்றால், கடவுள் நம்மைத் தேடி வரவில்லை, வேறு யாரையோ அனுப்பிவிட்டார் என்று ஆகிவிடும். பின்னால் சிலுவையைப் பற்றிய கேள்விகளில் இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

சரி, பிதாவிடமிருந்து வருபவர் என்றால் பிதாவுக்குப் பிறகுதானே என்று கேட்கலாம். விளக்கு எரியத் தொடங்கிய நொடியே வெளிச்சமும் இருக்கிறது. வெளிச்சம் சுடரிலிருந்துதான் வருகிறது, ஆனால் வெளிச்சமில்லாத சுடர் என்று ஒரு கணமும் இருந்ததில்லை. திருச்சபைத் தந்தையர் திரும்பத் திரும்பக் காட்டிய உவமை இது.

3. அப்ப பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு கடவுளா?

இல்லை. கடவுள் ஒருவரே. அந்த ஒரே கடவுள் பிதா, குமாரன், ஆவி என்ற மூன்று ஆட்களாக என்றென்றும் இருக்கிறார். ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்பதும் சரியல்ல. இயேசு பிதாவை நோக்கி ஜெபித்தபோது தனக்குத் தானே பேசிக்கொள்ளவில்லை. கடவுள் தம் உள்ளியல்பிலேயே அன்பு செய்பவராக இருக்கிறார் என்பதுதான் இதன் சாரம் என்று எனக்குப் படுகிறது. இதற்குத் தனியாக ஒரு தொகுப்பே வேண்டும், இங்கே இவ்வளவு போதும்.

4. "நான் கடவுள்"னு இயேசு தன் வாயால எங்கயாவது சொல்லியிருக்காரா?

இந்த இரண்டு சொற்களை அப்படியே தேடினால் கிடைக்காது. ஆனால் அவர் செய்ததையும் சொன்னதையும் நேரில் கண்டவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பாருங்கள். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்தால் வாசலில் நுழைய முடியவில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனைக் கீழே இறக்குகிறார்கள். இயேசு அவனைப் பார்த்து முதலில் சொன்னது, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்பது. அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர்கள் உடனே, கடவுள் ஒருவர் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று மனதுக்குள் கொதிக்கிறார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்வி. எனக்கு ஒருவர் தீங்கு செய்தால் நான் மன்னிக்கலாம். உங்களுக்குச் செய்த தீங்கை நான் எப்படி மன்னிக்க முடியும்? எல்லாப் பாவமும் கடைசியில் யாருக்கு எதிரானதோ அவர் மட்டுமே அப்படிப் பேசலாம்.

அப்புறம் யோவான் 8:58-இல் "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்" என்கிறார். கேட்டவர்கள் கல்லை எடுக்கிறார்கள். யோவான் 20:28-இல் தோமா அவரை "என் ஆண்டவரே, என் தேவனே" என்று அழைக்கிறார். இயேசு அதைத் திருத்தவில்லை. ஒரே கடவுளைத் தவிர யாரையும் வணங்கக் கூடாது என்று வளர்ந்த யூதர்கள் இவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

5. பாதி கடவுள், பாதி மனுஷன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. பாலும் தண்ணீரும் கலந்த மாதிரி என்றால் கிடைப்பது முழுப் பாலும் இல்லை, முழுத் தண்ணீரும் இல்லை. இயேசு முழுக் கடவுள், முழு மனிதர், ஆனால் ஒரே ஆள். 451-இல் ஆயர்கள் கூடிய கல்சிதோன் சங்கம் இதைச் சொல்ல நான்கு எதிர்மறைச் சொற்களைப் பயன்படுத்தியது: இரண்டு இயல்புகளும் கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் அவரில் இருக்கின்றன. இது எப்படி நடந்தது என்று அந்தச் சங்கம் விளக்கவில்லை. எந்தப் பக்கமும் தவறி விழாதபடி வேலி மட்டும் போட்டது.

எகிப்தின் கோப்து திருச்சபை, ஆர்மீனியத் திருச்சபை, சிரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை போன்றவை கல்சிதோனின் சொல்லாட்சியை ஏற்கவில்லை. அவர்களும் கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர் என்றே அறிக்கையிடுகிறார்கள். 1973-இல் கோப்து திருச்சபையின் தலைவரும் திருத்தந்தை ஆறாம் பவுலும் கையெழுத்திட்ட பொது அறிக்கையைப் படித்தால், பிரிவின் பெரும்பகுதி சொற்களில் இருந்தது என்பது தெரியும்.

6. கடவுளுக்குப் பசிக்குமா, தூக்கம் வருமா? அதெல்லாம் நமக்காக ஒரு பாவனைதானே?

பக்தியால் வரும் சந்தேகம் இது. ஆனால் திருச்சபை மிகத் தொடக்கத்திலேயே மறுத்த கருத்தும் இதுதான். அவருக்கு உண்மையான உடல் இல்லை, அப்படித் தோன்றியது மட்டும்தான் என்று சிலர் அப்போதே போதித்தார்கள். கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்பதை மறுப்பவனோடு உறவில்லை என்கிற அளவுக்கு யோவானின் நிருபங்கள் இதில் கடுமையாக இருக்கின்றன.

மாற்கு 4-இல் படகுக்குள் அலை அடித்துத் தண்ணீர் நிரம்புகிறது. இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். அந்தத் தலையணையைப் படிக்கும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். நாள் முழுக்கப் பேசிக் களைத்த ஒரு மனிதரின் தூக்கம் அது. சமாரியாவில் நடந்து களைத்துக் கிணற்றருகே உட்கார்ந்ததும், லாசருவின் கல்லறையில் அழுததும், சிலுவையில் தாகமாயிருக்கிறேன் என்றதும் உண்மை.

உடல் மட்டும் மனித உடல், உள்ளே மனம் தெய்வீகம் என்று அப்பொல்லினாரியுஸ் என்ற ஆயர் ஒரு வழி சொன்னார். அதற்கு நான்காம் நூற்றாண்டு ஆயர் நசியான்சு கிரகோரியார் தந்த பதிலைப் பல வகுப்புகளில் பலகையில் எழுதியிருக்கிறேன்: கிறிஸ்து எதைத் தமதாக்கிக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. நம் உடல் மட்டுமா நோயுற்றது? மனம், விருப்பம், பயம் எல்லாம்தானே? அப்படியானால் அவை எல்லாவற்றையும் அவர் ஏற்றிருக்க வேண்டும். கெத்செமனேயில் "என் சித்தமல்ல, உம்முடைய சித்தம்" என்று வியர்வை சிந்த ஜெபித்தது ஒரு மனித விருப்பம். அவருக்கு மனித சித்தமும் உண்டு என்பதை 680-681-இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் உறுதி செய்தது.

7. கடைசி நாள் எப்போன்னு குமாரனுக்கே தெரியாதுன்னு மாற்கு 13:32 சொல்லுதே. கடவுளுக்குத் தெரியாததும் உண்டா?

5, 6-ஆம் பதில்களை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவர் முழு மனிதர் என்றால் மனித அறிவும் அவருக்கு உண்டு. மனித அறிவுக்கு எல்லை உண்டு. இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகினார் என்று லூக்கா 2:52 சொல்கிறது. பெருக வேண்டுமானால் முன்பு குறைவாக இருந்திருக்க வேண்டும். அத்தனாசியஸ் தந்த பதிலும் இந்த வழியில்தான்: அறியாமை நம்மிடமிருந்து அவர் ஏற்ற மனித இயல்புக்கு உரியது. இந்த வசனத்தைப் படித்துச் சங்கடப்பட வேண்டாம். நம் எல்லைக்குள் அவர் எவ்வளவு தூரம் இறங்கி வந்தார் என்பதைக் காட்டும் வசனம் இது.

8. மனுஷன் பாவி, பாவின்னே சொல்றீங்களே. மனுஷனைப் பத்தி நல்லதா ஒண்ணும் இல்லையா?

நியாயமான வருத்தம். பிரசங்கங்களில் ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்திலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம். வேதாகமம் ஆரம்பிப்பது 1-ஆம் அதிகாரத்தில். அங்கே மனிதன், ஆணும் பெண்ணுமாக, கடவுளின் சாயலில் படைக்கப்படுகிறான். பண்டைய மேற்காசியப் பேரரசுகளில் "கடவுளின் சாயல்" என்பது அரசனுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். ஆதியாகமம் அதை எடுத்து எல்லா மனிதருக்கும் கொடுத்துவிட்டது. பாவத்துக்குப் பிறகும் அந்தச் சாயல் அழியவில்லை. யாக்கோபு 3:9, கடவுளின் சாயலில் உண்டான மனிதரைச் சபிக்காதே என்று தன் காலத்து மக்களிடம்தான் சொல்கிறது. மனிதனைப் பாவி என்று அழைப்பதே அவன் எவ்வளவு உயர்ந்தவனாக இருக்க வேண்டும் என்பதை வைத்துத்தான்.

9. நான் கொலை பண்ணல, திருடல, யாருக்கும் கெடுதல் நினைக்கல. நான் எப்படிப் பாவி?

புதிய ஏற்பாட்டில் பாவத்துக்கு அதிகம் வரும் கிரேக்கச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் குறி தவறுதல். பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லும் அப்படித்தான். நியாயாதிபதிகள் 20:16-இல் இடது கைப் பழக்கமுள்ள 700 வீரர்கள், மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்று வருகிறதே, அந்தத் "தப்பாமல்" என்ற இடத்தில் பாவத்துக்கான அதே வினைச்சொல்தான் இருக்கிறது. நம் தமிழிலும் பாருங்கள்: குறி தப்பியது என்கிறோம், தப்பு செய்தான் என்கிறோம். ஒரே சொல்.

அப்படியானால் குறி எது? முழு இருதயத்தோடு கடவுளையும், தன்னைப் போலப் பிறரையும் நேசிப்பது. கெடுதல் செய்யாமல் இருப்பது வேறு, இப்படி நேசிப்பது வேறு. என் அன்பு எப்போதும் என் பக்கமே வளைந்து திரும்புவதை நான் என்னிடமே பார்க்கிறேன். லூக்கா 18-இல் ஆலயத்தில் நின்ற பரிசேயன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் உபவாசித்தான், தசமபாகம் கொடுத்தான். ஆனால் பக்கத்தில் நின்ற வரிவசூலிப்பவனை அவனால் நேசிக்க முடியவில்லை.

10. கைக்குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு? ஆதாம் செஞ்சதுக்கு அது ஏன் பொறுப்பாகணும்?

இதைக் கேட்ட பெண்ணின் மடியில் நான்கு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. புத்தகப் பதிலை அப்படியே ஒப்பிக்க என்னால் முடியவில்லை. குழந்தை எந்தப் பாவச் செயலும் செய்யவில்லை என்பதில் எல்லாத் திருச்சபைகளும் ஒன்றுதான் என்று முதலில் சொன்னேன்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியஸ் என்ற துறவி, ஆதாமின் பாவம் அவனை மட்டுமே கெடுத்தது, நாம் பார்த்துக் கெட்டுப்போகிறோம், முயன்றால் பாவமில்லாமல் வாழலாம் என்று போதித்தார். வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் அதை முழு மூச்சாக எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியஸின் போதனையை நிராகரித்தது. அகுஸ்தீனும் மேற்குத் திருச்சபைகளில் பலவும் நாம் ஆதாமின் குற்றத்திலேயே பங்குள்ளவர்களாகப் பிறக்கிறோம் என்றார்கள். ரோமர் 5:12-ஐ அகுஸ்தீன் லத்தீனில் படித்தார். அதில் "அவனில் எல்லோரும் பாவம் செய்தார்கள்" என்று பொருள் கொள்ள இடமிருந்தது. கிரேக்க மூலத்தை "எல்லோரும் பாவம் செய்ததால்" என்று படிப்பதே இயல்பு. கிரேக்கத்திலேயே படித்த கிழக்குத் திருச்சபைகள், நாம் வாங்கிக்கொள்வது ஆதாமின் குற்றத்தை அல்ல, அவனிடமிருந்து வந்த சாவையும் சீர்கேட்டையும் என்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய மறைக்கல்வியும் பிறப்புநிலைப் பாவம் செய்த பாவம் அல்ல, வாங்கிக்கொண்ட நிலை என்று தெளிவுபடுத்துகிறது.

என் புரிதலைச் சொன்னால், நச்சு கலந்த ஆற்றின் கரையில் பிறந்த குழந்தை அது. நச்சைக் கலந்தது அது இல்லை. ஆனாலும் குடிக்கப் போவது அந்தத் தண்ணீரைத்தான். அந்தக் குழந்தையைக் கடவுள் வெறுக்கிறார் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், குழந்தைகளைத் தம்மிடம் வர விடுங்கள் என்று சீடர்கள்மேல் இயேசு கோபப்பட்டதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

11. இரட்சிப்புன்னா செத்த பிறகு பரலோகம் போறதுதானே?

அதுவும் சேர்ந்தது, ஆனால் அது மட்டும் என்றால் சொல் சுருங்கிவிடும். தமிழில் எதையெல்லாம் மீட்கிறோம்? அடகு வைத்ததை மீட்கிறோம், வெள்ளத்தில் சிக்கியவரை மீட்கிறோம், பறிபோன நிலத்தை மீட்கிறோம். புதிய ஏற்பாட்டிலும் இதே அகலம். மாற்கு 5-இல் 12 வருடம் இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணிடம், உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கியது என்கிறார் இயேசு. கிரேக்கத்தில் அது "இரட்சித்தது" என்ற சொல்லேதான். மன்னிப்பு, குணம், விடுதலை, உடலின் உயிர்த்தெழுதல், புதிய வானமும் புதிய பூமியும் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வருகின்றன.

12. கடவுள் நினைச்சா சும்மா மன்னிச்சிடலாமே. சிலுவை எதுக்கு?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். இயேசு சொன்ன ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மத்தேயு 18-இல் ஒரு வேலைக்காரன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி, அதாவது ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடங்களுக்கும் மேல் உழைக்க வேண்டிய கடன். அரசன் அதைத் தள்ளிவிடுகிறான். கேட்பவருக்கு "சும்மா" மன்னித்த மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த 6 கோடி எங்கே போனது? அரசனின் கருவூலத்தில் அந்தக் குறை விழுந்தது. கடனை மன்னிப்பவர் அந்த நஷ்டத்தைத் தானே ஏற்கிறார். உங்களை ஆழமாகக் காயப்படுத்திய ஒருவரை மன்னித்திருக்கிறீர்களா? அந்த வலியைத் திருப்பிக் கொடுக்காமல் உள்ளுக்குள்ளே தாங்கினீர்கள், இல்லையா? கடவுளின் மன்னிப்பு அவருக்கு என்ன விலையானது என்பது சிலுவையில் வெளியே தெரிந்தது.

சிலுவை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வேதாகமம் பல படங்களைத் தருகிறது: மீட்கும் பொருள், பலி, நம் இடத்தில் நின்றவர், சாவையும் பிசாசையும் வென்ற போர்வீரர், அன்பின் மாதிரி. தொடக்கத் திருச்சபை வெற்றியையும் மீட்புப் பொருளையும் அதிகம் பேசியது. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அன்செல்ம் என்ற இறையியலாளர், பாவம் கடவுளுக்குரிய மகிமையைப் பறித்தது, அதை ஈடுசெய்யும் கடமை மனிதனுக்கு, ஆற்றலோ கடவுளுக்கு மட்டுமே, ஆகவே கடவுள்-மனிதர் தேவை என்று வாதித்தார். அவருக்குச் சற்றுப் பின் வந்த அபேலார்ட், அந்த அன்பைக் கண்டு நம் உள்ளம் மாறுவதை முன்னிறுத்தினார். சீர்திருத்தக்காரர்கள் நம் தண்டனையை அவர் சுமந்தார் என்பதை வலியுறுத்தினார்கள். கிறிஸ்துவின் இயல்பைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன பொதுச் சங்கங்கள் எதுவும் இவற்றில் ஒன்றை மட்டும் சரியென்று அறிவிக்கவில்லை. எனக்கு இவை எல்லாமே வேண்டும். ஒன்றை விட்டாலும் ஏதோ குறைகிறது.

13. தப்பே செய்யாத ஒருத்தரை அடிச்சு இன்னொருத்தரை விடறது எந்த ஊர் நியாயம்?

எந்த ஊர் நியாயமும் இல்லை. கோபக்கார நீதிபதி, தப்பித்த குற்றவாளி, நடுவில் சிக்கிய அப்பாவி என்று மூன்று தனித்தனி ஆட்களாகப் பார்த்தால் இது கொடுமை. ஆனால் 1, 2-ஆம் பதில்கள் உண்மை என்றால் அந்தப் படமே தவறு. சிலுவையில் இருப்பவர் மூன்றாம் ஆள் இல்லை. பிதாவோடு ஒரே பொருளானவர், அதாவது தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே அங்கே தொங்குகிறார். 2 கொரிந்தியர் 5:19, கடவுளே கிறிஸ்துவில் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறது. 12-இல் பார்த்த அரசன் தன் கருவூலத்திலிருந்து நஷ்டத்தை ஏற்ற மாதிரி இது.

அவர் மனிதர் என்பதும் இங்கே முக்கியம். வெளியாள் ஒருவர் நமக்காக எதையோ செய்துவிட்டுப் போகவில்லை. நம்மில் ஒருவராக, நம் இனத்தின் தலைவராக நிற்கிறார். ரோமர் 5 ஆதாமையும் கிறிஸ்துவையும் அருகருகே வைப்பது இதற்காகத்தான். "குமாரன் மறுத்தும் பிதா அனுப்பினார்" என்று யாரும் எண்ண வேண்டாம். ஒருவரும் என் உயிரை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, நானே கொடுக்கிறேன் என்று யோவான் 10:18-இல் அவரே சொல்கிறார்.

14. கடவுள் சாக முடியுமா? அந்த மூணு நாள் உலகத்தை யார் நடத்தினது?

தெய்வ இயல்புக்குச் சாவில்லை. ஆனால் இறந்தவர் யார் என்று கேட்டால் குமாரன் என்பதே பதில், ஏனென்றால் 5-இல் சொன்னபடி அவர் ஒரே ஆள். என் கையில் முள் குத்தினால் "கைக்கு வலித்தது, எனக்கு வலிக்கவில்லை" என்று நான் சொல்வதில்லை. அதுபோல அவர் தம் மனித இயல்பில் பட்டதை அவரே பட்டார். 553-இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம், சிலுவையில் மாம்சத்தில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவரே என்று துணிந்து அறிக்கையிட்டது. உலகம் நடந்துகொண்டுதான் இருந்தது. சாவு அவருடைய உடலையும் ஆத்துமாவையும் பிரித்தது. அவருடைய தெய்வீகத்தைத் தொடவில்லை.

15. உயிர்த்தெழுந்தார்ங்கறது சீடர்களோட மன அனுபவமா இருக்கலாம் இல்லையா?

அப்படி மட்டும் என்றால், நம் விசுவாசம் வீண் என்று பவுலே 1 கொரிந்தியர் 15-இல் ஒப்புக்கொள்கிறார். அந்த நிருபம் சிலுவைச் சாவுக்குப் பிறகு கால் நூற்றாண்டுக்குள் எழுதப்பட்டது. அதில் பவுல், நான் பெற்றுக்கொண்டதையே உங்களுக்குக் கொடுத்தேன் என்று சாட்சிகளை வரிசைப்படுத்துகிறார். அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார், போய்க் கேட்டுப் பாருங்கள் என்கிற தொனியில்.

காலிக் கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. பெண்ணின் சாட்சிக்கு மதிப்புக் குறைவாக இருந்த காலம் அது. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சுஸ் என்ற எதிர்ப்பாளர் இதை வைத்தே கேலி செய்தார். கதை கட்டுபவர்கள் இப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். லூக்கா 24-இல் பயந்து நிற்கும் சீடர்கள் முன்னால் அவர் பொரித்த மீன் துண்டை வாங்கிச் சாப்பிடுகிறார். மன அனுபவம் மீன் சாப்பிடாது.

16. விசுவாசம் போதும்னு பவுல் சொல்றார், செயலும் வேணும்னு யாக்கோபு சொல்றார். யாரை நம்பறது?

இருவரும் இரண்டு வேறு தப்புகளைத் திருத்துகிறார்கள். செயல்களைக் காட்டிக் கடவுளிடம் உரிமை கோரலாம் என்பவரிடம் பவுல் பேசுகிறார். வாயால் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, உடுக்க உடையில்லாதவரிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று அனுப்புபவரிடம் யாக்கோபு பேசுகிறார். எபேசியர் 2-இல் 8, 9 வசனங்களை மனப்பாடம் செய்திருப்பவர்கள் 10-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: கிரியைகளால் அல்ல, ஆனால் நற்கிரியைகளுக்காகவே படைக்கப்பட்டோம். "கிருபை இலவசம்னா எப்படி வேணும்னாலும் வாழலாமா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். நச்சு நீரிலிருந்து மீட்கப்பட்டவர் திரும்பவும் அதைக் குடிக்க அனுமதி கேட்பாரா?

1517-இல் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்துக்குப் பிறகு மேற்குத் திருச்சபை இந்த விஷயத்தில் உடைந்தது, ஒருவரையொருவர் சபித்தார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அதே கிருபை நற்செயல்களுக்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறது என்பது அதன் மையம். மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்தச் சபைகள் 2017-இலும் அதில் சேர்ந்தார்கள். வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் பழைய சாபங்களை இன்னும் மேடையில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

17. நான் இரட்சிக்கப்பட்ட தேதி எனக்குத் தெரியல. அப்ப நான் இரட்சிக்கப்படலையா?

தேதி கேட்டுச் சோதிக்கும்படி வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. பவுலுக்கு ஒரு நாள் இருந்தது. தீமோத்தேயுவோ பாட்டி, தாய் கொடுத்த விசுவாசத்தில் வளர்ந்தவர். இரட்சிப்பை மூன்று காலங்களிலும் பேசுகிறது புதிய ஏற்பாடு: இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8), இரட்சிக்கப்படுகிற நமக்கு (1 கொரிந்தியர் 1:18), இரட்சிக்கப்படுவோம் (ரோமர் 5:9).

18. ஒருதரம் கிடைச்ச இரட்சிப்பை இழக்க முடியுமா?

இதில் திருச்சபைகள் ஒன்றுபடவில்லை. 1618-19-இல் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபையினர், கடவுள் தெரிந்துகொண்டவரைக் கடைசிவரை காப்பார் என்றார்கள். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், மெதடிஸ்ட் சபையார் மனிதன் விலகிப்போக முடியும் என்கிறார்கள். யோவான் 10:28 ஒரு பக்கம், எபிரெயர் 6 இன்னொரு பக்கம். பயந்து நடுங்கிக் கேட்பவருக்கு நான் முதலாவதைக் காட்டுகிறேன். அலட்சியமாகக் கேட்பவருக்கு இரண்டாவதை.

19. எங்க அம்மா இயேசுவைப் பத்திக் கேள்விப்படாமலே செத்துப்போனாங்க. அவங்க நிலைமை?

இதைக் கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். கேட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிக் கேட்பவரிடம் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்தப் போதகருக்கும் கொடுக்கப்படவில்லை.

இரட்சிப்பு கிறிஸ்து வழியாகவே என்பதில் திருச்சபைக்குச் சந்தேகமில்லை (அப்போஸ்தலர் 4:12). அவரை வெளிப்படையாக அறியாதவரையும் அவர் இரட்சிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின், வார்த்தையானவரின் விதைகள் எல்லா மக்களிடமும் விதைக்கப்பட்டிருக்கின்றன என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், தங்கள் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சியின்படி நடப்பவர்களும் மீட்படைய முடியும் என்று போதித்தது. சீர்திருத்தச் சபைகளில் பலர், கேட்டு விசுவாசிப்பதைத் தவிர வேறு வழியை வேதம் காட்டவில்லை என்கிறார்கள். வேறு பலர் அதைக் கடவுளின் கையில் விட்டுவிடுகிறார்கள். ஆபிரகாம் இயேசு என்ற பெயரைக் கேட்டதில்லை, ஆனாலும் விசுவாசிகளின் தகப்பன் எனப்படுகிறார். அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது, உங்கள் அம்மாவை நீங்கள் நேசிப்பதைவிட அதிகமாக நேசிக்கிற ஒருவர், அதுவும் அவருக்காக ஏற்கெனவே உயிரைக் கொடுத்த ஒருவர்தான் தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்பதை மட்டும்.

20. பரலோகத்துக்குப் போன பிறகு இயேசு மறுபடியும் கடவுளா மட்டும் ஆயிட்டாரா?

கடைசியாக வந்த கேள்வி. இதை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வேலை முடிந்ததும் கழற்றி வைக்கிற உடையைப் போல மனித இயல்பைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அவர் ஒருமுறை ஏற்ற மனித இயல்பை என்றைக்கும் விடுவதில்லை. பரமேறியபோது உடலோடுதான் போனார். 1 தீமோத்தேயு 2:5, கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே நிற்கும் ஒருவரை "மனிதனாகிய கிறிஸ்து இயேசு" என்று அழைக்கிறது, அவர் பரமேறிய பல வருடங்களுக்குப் பிறகு.

6-இல் வந்த கிரகோரியாரின் வாக்கை இங்கே வைத்துப் பாருங்கள். தமதாக்கிக்கொண்டதைக் கைவிட்டிருந்தால் நம் குணமும் அத்தோடு போயிருக்கும். தோமாவுக்குக் கையையும் விலாவையும் காட்டியபோது ஆணி பாய்ந்த அடையாளங்கள் உயிர்த்த உடலிலும் அப்படியே இருந்தன. இப்போது நமக்காகப் பிதாவிடம் பரிந்து பேசுகிறவரின் கைகள் அவை.